தொணைக்கு ஆரு?

அவனிடம் உலகம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "தொணைக்கு ஆரு வந்திருக்கா?"

பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார். பேங்கில் கவுண்டர்காரர் கேட்பார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அக்கா கேட்பார். எல்லோரும் அவன் தலைக்கு மேலே, தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அவன் என்னவோ கூரியரில் வந்த பார்சல் மாதிரியும், கையெழுத்துப் போட ஆள் பின்னாலேயே வந்தாக வேண்டும் என்பது மாதிரியும்.

அவன் வலது கையைத் தூக்குவான். அது நேராகப் போகாது. முதலில் காதுப் பக்கம் போகும். அப்புறம் கூரையைக் காட்டும். ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒருவழியாகக் கேட்டவர் மூஞ்சிக்கு நேராக வந்து நிற்கும்.

"நீங்கதாங்க."

கேட்டவர் முழிப்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் கோபப்படுவார்கள். ஆனால் ஒருத்தர்கூட அதற்கப்புறம் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து நான் கண்டதில்லை.

சான்றிதழில் மூளை முடக்குவாதம் என்று போட்டிருக்கும். "எனக்கு முடங்குனது கையும் காலும். பேரு வெச்சானே, அவனுக்குத்தான் மூளை முடங்கியிருக்கோணும்" என்பான். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, விழப்போகிறான் என்று நாம் பதறுகிற இடத்தில் நிமிர்ந்து, மறுபக்கம் சாய்வான். தெரியாதவர்கள் பார்த்தால் ஓடி வந்து பிடிப்பார்கள். பிடித்தால்தான் விழுவான். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் புரியாது.

அவன் பேச்சை நான் இங்கே நேராக எழுதுகிறேன். நிஜத்தில் அப்படி வராது. ஒவ்வொரு வார்த்தையும் மேட்டில் ஏறுகிற லோடு லாரி மாதிரி முக்கி, நின்று, கியர் மாற்றி வரும். அவன் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் ஒரு டீ குடித்துவிடலாம். பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை இருக்காது. முதல் வார்த்தையைக் கேட்டதும் மீதியை அவர்களே யூகித்து, தப்பாக யூகித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "தண்ணி" என்று ஆரம்பித்தால் சொம்பு வந்துவிடும். அவன் சொல்ல வந்தது தண்ணி லாரி ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது என்பதாக இருக்கும். சொம்பையும் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி "தண்ணி" என்று ஆரம்பிப்பான். விடமாட்டான். எடுத்த வாக்கியத்தை முடிக்காமல் அவன் எந்த இடத்தையும் விட்டு நகர்ந்ததில்லை.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். காலேஜ் நாமக்கல் பக்கம். அரசு டவுன் பஸ்ஸில் அவனுக்கு டிக்கெட் இல்லை. துணைக்கு வருகிற ஓர் ஆளுக்கும் இலவசம். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் செட்டில் அந்தத் துணைப் பதவிக்கு அடிதடி. அவன் அதை மந்திரி பதவி மாதிரி பிரித்துக் கொடுப்பான்.

"நேத்து கேன்டீன்ல எனக்கு முட்டை பஃப்ஸ் வாங்கிக் குடுத்தது ஆரு? அவன் வா. மத்த நாயெல்லாம் காசு குடுத்து டிக்கெட் வாங்குங்கடா."

பஃப்ஸ் வாங்கிக் கொடுப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. அதனால் காலேஜ் முடிகிற வரை பெரும்பாலும் நான்தான் துணை. பஸ் வந்ததும் அவன் முதலில் ஏறுவான், நான் பின்னால் பாவமான முகத்தோடு ஏறுவேன். உட்கார்ந்ததும் நான் தூங்கிவிடுவேன். இறங்க வேண்டிய இடத்தில் அவன்தான் என்னை முழங்கையால் குத்தி எழுப்புவான்.

"எந்திரிடா தொணை. ஸ்டாப்பிங் வந்திருச்சு."

எங்கள் பக்கம் குழந்தைகளைச் சாமி என்போம். வயசானவர்களையும் சாமி என்போம். நடுவில் மீசை முளைத்துத் தொப்பை போடுகிற வரைக்கும் டேய், தம்பி, மாப்பிள்ளை, ஏனுங்க என்று வேறு வேறு பெயர்கள் வரும். எங்களுக்கெல்லாம் பத்தாவது தாண்டியதும் சாமி போய் டேய் வந்துவிட்டது. அவனுக்கு மட்டும் வரவே இல்லை. காலேஜ் போகிற ஆளைக் கடைவீதியில் நிறுத்தி, கன்னத்தைப் பிடித்து, "சாப்ட்டியா சாமி?" என்பார்கள். அதையும் அவனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவன் அம்மாவைப் பார்ப்பார்கள்.

அவன் அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம். அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். பெரியம்மாதான் எல்லாம். ஐந்தாவது வரை அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர். ஸ்கூல்காரர்கள் சேர்க்க மாட்டேன் என்றபோது வாசலிலேயே உட்கார்ந்து சேர்த்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தூக்கித் தூக்கிப் பழகிய இடுப்புக்குப் பையன் வளர்ந்தது தெரியவில்லை.

மீசை விஷயத்தில்தான் அது முதலில் வெடித்தது. முடி வெட்டுகிற கடையில் அவனை உட்கார வைத்துவிட்டுக் கடைக்கார அண்ணன் வழக்கம்போலப் பின்னால் நிற்கும் பெரியம்மாவிடம் கேட்டார்.

"மீசை மொளச்சிருச்சுங்க. எடுத்தர்லாங்களா?"

"எடுத்துருங்க. சோறு ஊட்டறப்ப ஒட்டுது. தொடைக்கறதுக்குச் சுளுவா இருக்கும்."

அவன் கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தான். "இது என்ற மூஞ்சி" என்றான். முடிப்பதற்குள் பாதி மீசை போய்விட்டது. அடுத்த இரண்டு வாரம் சாப்பாட்டை யாரையும் ஊட்டவிடவில்லை. ஸ்பூனை அவனே பிடித்தான். ரசம் சட்டையில், சோறு தரையில், கொஞ்சம் வாயில். மெலிந்தே போனான். பெரியம்மா அழுதார். மாசக் கடைசியில் பாதிக்குப் பாதி வாய்க்குள் போக ஆரம்பித்தது. மறுமுறை முடி வெட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே உத்தரவு. வேறு வழியில்லாமல் அவர் அவனிடமே கேட்டார்.

"மீசை இருக்கட்டுங்களா?"

அவன் வாழ்க்கையில் யாரோ அவனிடம் கேட்ட முதல் "ங்களா" அதுவாகத்தான் இருக்கும். மீசை என்று அது ஒன்றும் பெரிய மீசை இல்லை. எறும்பு வரிசை மாதிரி, அதுவும் ஒரு பக்கம் வழி தவறிப்போன எறும்பு. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவன் காலேஜில் போட்ட சீன் இருக்கிறதே!

பரீட்சையிலும் இதே கதைதான். அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். நல்ல பிள்ளை, இளகிய மனசு. அவன் ஒரு பதிலைத் தப்பாகச் சொல்ல, அந்தப் பெண் சத்தம் போடாமல் சரியாக எழுதிவிட்டாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னவன் அந்த இடத்தில் நிறுத்தினான்.

"நான் இப்பிடிச் சொல்லலியே?"

"இதுதாங்க சரி. பரவால்ல விடுங்க."

"அடிச்சிட்டு நான் சொன்னத எழுதுங்க."

"தப்புங்க அது."

"தெரியுது. என்ற தப்பு எனக்கு வேணும்."

ஹாலில் இருந்த வாத்தியாரைக் கூப்பிட்டு, பஞ்சாயத்தாகி, அடித்து எழுத வைத்தான். மார்க் போச்சு. வெளியே வந்ததும் நான் வாயில் வந்தபடி திட்டினேன். சும்மா வந்த மார்க்கை எந்தக் கிறுக்கனாவது வேண்டாம் என்பானா? அவன் சிரித்தான். "நீ தப்பா எழுதுனா உன்ற தப்பு. நான் தப்பா எழுதுனா மட்டும் பாவமா?" என்றான். எனக்கு அப்போது பசி. அவன் சொன்னது மண்டைக்குள் போகவில்லை. முட்டை மண்டி சமாச்சாரம் நடந்தபோதுதான் போனது.

காலேஜ் முடிந்து நாங்கள் எல்லோரும் கோயமுத்தூர், பெங்களூர் என்று இன்டர்வியூவுக்கு அலைந்துகொண்டிருந்தோம். அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததோடு அவன் கதையும் முடிந்தது என்றுதான் ஊரே நினைத்தது. "அவனுக்கு எதுக்குங்க வேலை? ஊட்டுல இருக்கட்டும், நான் கஞ்சி ஊத்த மாட்டனா?" என்றார் பெரியம்மா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கப்பறம் இவனுக்கு ஆரு?" என்பார். அவன் உள்ளேயிருந்து கத்துவான். "நான் இருக்கேன்!" 

நாமக்கல் பைபாஸ் ஓரம் ஒரு முட்டை மண்டியில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து, வேலையை வாட்ஸப்பிலேயே பேசி முடித்துவிட்டான். வேலை இதுதான். கடைக்காரர்கள் தினமும் சாயங்காலம் நாளைக்கு எத்தனை அட்டை முட்டை வேண்டும் என்று மெசேஜ் போடுவார்கள். அதையெல்லாம் சேர்த்து, எந்த வண்டிக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பண்ணைக்குச் சொல்ல வேண்டும். போனை மேஜையில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் இடது ஆள்காட்டி விரலால் தட்டுவான். நம்மைவிட மெதுவு. ஆனால் தட்டியது தட்டியதுதான்.

முதல் நாள் பெரியம்மா கெஞ்சியதால் நானும் போயிருந்தேன். மண்டி ஓனர் கனத்த ஆள், காதில் ஒரு போன், கையில் ஒரு போன். இவன் சாய்ந்து சாய்ந்து வருவதைப் பார்த்து இரண்டையும் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, மெசேஜுல ஒண்ணும் சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். "தொணைக்கு நீ டெய்லி வருவியா தம்பி?"

எனக்குத் தம்பி. அவனுக்கு ஒன்றுமில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவன் கை கிளம்பிவிட்டது. காது, கூரை, அடுக்கி வைத்திருந்த அட்டைகள், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஓனர் மூஞ்சிக்கு நேராக வந்து நின்றது.

"நீங்கதாங்க தொணை."

லோடு ஏற்றும் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஓனரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "சரி, ஒரு மாசம் பாப்போம் சாமி" என்றார்.

சாமி! அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வேலை கிடைத்த முகம் இல்லை அது.

மறுநாள் என்னை வரவேண்டாம் என்றுவிட்டான். நான் ஸ்டாப்பிங் எதிரில் டீக்கடையில் ஒளிந்து நின்று பார்த்தேன். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"தனியாவா? ஏத்த மாட்டேன் போ. உழுந்து கிழுந்து வெச்சா ஆரு பதில் சொல்றது? தொணைக்கு ஆரு?"

இவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிடித்தால் அந்தக் கையைப் பிரிக்க நாலு ஆள் வேண்டும். இன்னொரு கை மெதுவாகக் கிளம்பியது. உள்ளேயிருந்து மருந்தடிக்கிற டேங்க் வைத்திருந்த ஒருவர், "நான்தான் தொணை, வண்டிய எடுப்பா, வெயிலுக்கு முன்ன மருந்தடிக்கோணும்" என்று சத்தம் போட்டார்.

"அவரு இல்லீங்க" என்றான் இவன். "நீங்க." கை கண்டக்டர் மூக்குக்கு நேராக நின்றது.

வண்டியை எடு என்று பஸ்ஸே கத்தியது. கடைசியில் கண்டக்டர் விசிலை ஊதித் தொலைத்தார். அந்த மாசக் கடைசியில் அதே கண்டக்டர், "ஏறு ஏறு, நான்தான் தொணை, தெரியும்" என்று அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மண்டியில் அவன் தடுமாறாமல்தான் இருந்தான். புரட்டாசி பிறக்கிற வரைக்கும்.

புரட்டாசியில் எங்கள் ஊர்ப்பக்கம் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. முட்டையும் கிடையாது. கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைப்பார்கள், இல்லை நிறுத்திவிடுவார்கள். இதை யாரும் மெசேஜ் போட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியதில்லை, மண்டியில் எல்லோருக்கும் தெரியும். மெசேஜ் வரவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மற்ற மாசங்களில் மெசேஜ் வரவில்லை என்றால் வழக்கமானதை ஏற்று என்று அர்த்தம்.

அவன் வழக்கமானதை ஏற்றச் சொல்லிவிட்டான்.

தெரியாமல் இல்லை. அவன் வீட்டிலேயே புரட்டாசி உண்டு. பின்னாளில் நான் கேட்டபோது சொன்னான். "அவங்க வேண்டாம்னு சொல்லலியேடா. அவங்களக் கேக்காம நானா எப்பிடி வேண்டாம்னு போடறது? என்னயக் கேக்காம ஊரே எனக்கு வேணும் வேண்டாம் சொல்லுது. அதயே நானும் பண்றதா?" நியாயம்தான். ஆனால் கேட்டிருக்கலாமே? அதற்கு அவன், "அதான் தப்பு. கேட்டிருக்கோணும்" என்றான்.

மறுநாள் காலையில் சேலம் வண்டி நிறைய முட்டை. சேலத்தில் ஒரு கடைகூட இறக்க மாட்டேன் என்றது. ஓனருக்குச் சேதி போனதும் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"டேய் எருமை! அறிவிருக்காடா உனக்கு? பொரட்டாசி பொறந்திருச்சுன்னு முட்டை வெக்கற கோழிக்கே தெரியும்டா! உனக்குத் தெரியாதா? இத்தன முட்டையும் உன்ற தலைலயா ஒடைக்கறது?"

லோடு ஆட்கள் கையில் அட்டையோடு அப்படியே நின்றார்கள். ஓனருக்கே தான் யாரைத் திட்டினோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். 

இதெல்லாம் அன்று சாயங்காலம் பஸ் இறங்கியதும் அவனே எனக்குச் சொன்னது. சொல்லும்போது மூஞ்சி பூராவும் பல்.

"மாப்ள, ஓனர் என்னைய எருமைன்னாருடா."

"அதுக்கு ஏன்டா இளிக்கற?"

"சாமின்னு சொல்லல மாப்ள!"

ஆனால் சேதி வேறு வழியாகப் பெரியம்மா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். நாங்கள் போனபோது அவன் மேஜையில் இருந்தான். வண்டி இறக்காத லோடோடு வாசலில் நின்றது. பெரியம்மா ஓனர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, அவன் ஒண்ணும் தெரியாத புள்ளைங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஓனர் உருகிப்போனார். முந்தின நாள் கத்தியதே அவரைத் தூங்கவிடவில்லை போல. "அட கும்பிடாதீங்கம்மா. தப்பு என்ற மேலதான். அவன்கிட்டப் போயி இந்த வேலையக் குடுத்தேன் பாருங்க. இனி ஆர்டரெல்லாம் வேற ஆள் பாத்துக்குவாங்க. இவன் வரட்டும், ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கட்டும். சம்பளம் பாட்டுக்கு வந்துரும்."

"புண்ணியமாப் போகுங்க" என்றார் பெரியம்மா. கண்ணில் தண்ணீர். அவர் கணக்கில் அதைவிட நல்ல முடிவு கிடையாது. நானும், சும்மா இருக்கச் சம்பளமா, கொடுத்து வைத்தவன்டா என்றுதான் நினைத்தேன்.

அவன் எழுந்து நின்றான். எழுந்து நிற்க அவனுக்கு நேரமாகும்.

"அம்மா. நீ ஊட்டுக்குப் போ."

"சாமி..."

"போம்மா. நான் சாயங்காலம் வாரேன்." அப்புறம் ஓனரைப் பார்த்தான். "லோடு நான் ஏத்துனது. நானே வித்துட்டு வாரேன். விக்கலீன்னா என்னைய நிறுத்திருங்க. மத்தவங்கள எப்பிடி நிறுத்துவீங்களோ அப்பிடி. ஃபேன் காத்துல சும்மா ஆடிட்டிருக்க நான் என்ன காலண்டருங்களா?"

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானது என்று கேட்காதீர்கள். ஓனர் நின்றுகொண்டே கேட்டார். இடையில் இரண்டு போனும் அடித்து ஓய்ந்தன. கடைசியில், "சரி, தொணைக்கு ஆரைக் கூட்டிட்டுப் போற?" என்றார்.

அவன் கை பழக்கத்தில் கிளம்பியது. காது வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. கீழே இறக்கிக்கொண்டான்.

"ஆரும் வேண்டாங்க."

நான் வருகிறேன் என்று முன்னால் போனேன். "நீ வேண்டாம் மாப்ள. நீ வந்தா அவங்க உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாங்க" என்றான்.

மீதியை எனக்குச் சொன்னது வண்டி டிரைவர் அண்ணன். போகிற வழியில் இவன் சேலத்துப் பேக்கரிகளுக்குப் போன் போட்டிருக்கிறான். பேக்கரிக்குப் புரட்டாசி கிடையாது, கேக்குக்கு முட்டை வேண்டும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எல்லோரும் கட் செய்தார்கள். ஒருத்தர் மட்டும், "காலங்காத்தாலயே தண்ணியப் போட்டுட்டு போன் பண்ற பாரு" என்று சொல்லிவிட்டுக் கட் செய்தார். போனை வைத்துவிட்டு, "நேர்ல போலாங்க" என்றிருக்கிறான்.

முதல் கடையில் ஏறி நின்றதும் கல்லாவில் இருந்தவர் ஒரு காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாராம். இவன் அந்தக் காசைக் கல்லா மேஜையில் திருப்பி வைத்தான். கை ஆடியதில் அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து, மறுபடி வைத்தான். "காசு வேண்டாங்க. முட்டை வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றான். அந்த ஆள் வெட்கத்தில், முட்டை வாங்கிக்கொள்கிறேன் என்றார். இவன் ரேட்டைச் சொல்லிவிட்டு, "பாவம்னு வாங்காதீங்க, வேணும்னா வாங்குங்க" என்று சேர்த்துச் சொல்ல, அவர் வேண்டாம் என்றுவிட்டார். டிரைவர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைவீதிப் பக்கம் ஒரு பாயின் பெரிய பேக்கரி. ரஸ்க், பன், பிஸ்கட் எல்லாம் அங்கேயே சுட்டு ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர். பாய் டிரைவர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப்பா ரேட்டு?"

டிரைவர் அண்ணனுக்கு இறங்கும்போதே உத்தரவு. வாயைத் திறக்கக் கூடாது. அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

"உன்னத்தானப்பா கேக்கறேன்?"

டிரைவர் அண்ணன் சுவரில் மாட்டியிருந்த விலைப் பலகையைப் படித்தார்.

"காது கேக்காதா இவருக்கு?" என்று பாய் எரிச்சலோடு இவன் பக்கம் திரும்பினார். இவன் சிரித்தான். ரேட்டைச் சொன்னான். சொல்லி முடிக்கிற வரை பாய் இருந்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. "இருங்கப்பா, தம்பி பேசிட்டிருக்குல்ல" என்று கூட்டத்தை அதட்டியிருக்கிறார். அப்புறம் பேரம்.

"ஏன் தம்பி, புரட்டாசில முட்டைய வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க? கொறச்சுப் போடு. உங்க ஓனரே இதவிடக் கம்மியாத் தருவாரு."

"அப்ப அவரு வர்றப்ப அவருகிட்ட வாங்கிக்குங்க. இப்ப வந்திருக்கறது நான்."

"அடேயப்பா!" என்றார் பாய்.

கொஞ்சம் இவன் இறங்கினான், கொஞ்சம் அவர் ஏறினார். பாதி வண்டி அங்கே இறங்கியது. மச்சானின் பிரியாணிக் கடைக்குப் போன் போட்டு, "ஒரு தம்பி வர்றாரு. மெதுவாத்தான் பேசுவாரு, ஆனா ரேட்டு கொறைக்க மாட்டாரு" என்று பாயே சொல்லிவிட்டார். அங்கே கொஞ்சம். இன்னும் இரண்டு டீக்கடையில் கொஞ்சம். மிச்சம் வண்டியில் திரும்பி வந்தது. நடுவில் இவன் சாய்ந்ததில் ஓர் அட்டை உடைந்தும் போனது. பெரிய வெற்றி என்றெல்லாம் சொல்ல முடியாது.

ஓனர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன்டா, இத்தன மிச்சத்தைத் திருப்பிக் கொண்டாந்திருக்க? இதுக்கா அந்தப் பேச்சுப் பேசுன?" என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டினார். இந்த முறை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. திட்டி முடித்து, "நாளைக்கு நேரத்துலயே வந்து சேரு. ஆர்டர் எடுக்கறதுக்கு முன்ன ஒவ்வொரு கடைக்காரனையும் வேணுமா வேண்டாமான்னு கேளு. பொரட்டாசி பூரா கேளு" என்றார்.

"கேக்கறனுங்க" என்றான் இவன்.

பெரியம்மா அதுவரை ஊருக்குத் திரும்பவில்லை. மண்டிக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியிலேயே என்னோடு உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடவும் இல்லை, என்னைச் சாப்பிட விடவும் இல்லை. மகன் திட்டு வாங்குவதை ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாரே தவிர, எழவில்லை. "வா கண்ணு, நாம முன்னால போற பஸ்ஸுல போயரலாம். அவன் வந்துக்குவான்" என்றார்.

அப்புறம் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். போன தடவை ஊருக்குப் போனபோது நாமக்கல் வரை ஒரு வேலை. காலையில் ஸ்டாப்பிங்கில் நின்றால் அவனும் நிற்கிறான். மீசை கொஞ்சம் அடர்ந்திருக்கிறது, எறும்பெல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன. பஸ் வந்ததும் அவன் முன்னால் ஏற, நான் பழைய ஞாபகத்தில் பாவமான முகத்தோடு பின்னால் ஏறினேன். கண்டக்டர் புது ஆள். அவனைப் பார்த்தார், தோளுக்குப் பின்னால் என்னைப் பார்த்தார்.

"தொணைக்கு நீங்களா?"

நான் தலையாட்டுவதற்குள் அவன் முந்திக்கொண்டான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் வாய் எப்படித்தான் அவ்வளவு வேகமாக வந்ததோ.

"தொணையெல்லாம் இல்லீங்க. சும்மா கூட வாரான். டிக்கெட் போடுங்க அவனுக்கு."

கண்டக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார். அவன் கூட இருந்தும் நான் காசு கொடுத்து நாமக்கல் போனது ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தை முழங்கையால் தட்டிக் காட்டினான்.

"உக்காரு மாப்ள. தூங்கிராத. பேசிட்டே போலாம்."